மன்னார் முத்து, செவில் சுருட்டு: ஜார்ஜ் பிசேயின் இசை

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் படகுகள் நள்ளிரவை ஒட்டித்தான் கிளம்பும். கரையிலிருந்து வீசும் காற்றைப் பாயில் வாங்கிக்கொண்டு, விடியும் நேரத்தில் முத்துப்பார்களுக்கு மேல் போய் நிற்கும். குளிப்பவர் கல் கட்டிய கயிற்றில் காலை ஊன்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். ஒரு நிமிடம், கூடிப்போனால் இன்னும் கொஞ்சம். அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளையெல்லாம் வலைப்பையில் அள்ளிப்போட்டுவிட்டுக் கயிற்றை இழுப்பார். மேலே இருப்பவர் தூக்கிவிடுவார். மதியம் கடற்காற்று திரும்பியதும் படகுகள் அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் திரும்பும். இந்தத் தொழிலுக்குச் 'சலாபம்' என்று நம் மொழியில் தனிச்சொல்லே உண்டு. சலாபத்துக்குக் கடல்கட்டியும் வருவார். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுகிறவர் அவர். அவர் இல்லாமல் தண்ணீரில் இறங்க மாட்டோம் என்று குளிப்பவர்கள் உறுதியாக நின்றதால், பிரிட்டிஷ் அரசே கூலி கொடுத்து அவரை வைத்திருந்தது.

1863 செப்டம்பர் 30 அன்று இரவு, பாரிஸில் தேத்ர் லிரிக் என்ற அரங்கில் திரை விலகியபோது மேடையில் தெரிந்தது இலங்கைக் கடற்கரைதான். ஓபரா, அதாவது இசை நாடகம். பெயர் 'முத்துக்குளிப்பவர்கள்'. இசையமைத்தவர் பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் பிசே. அடுத்த மாதம்தான் அவருக்கு 25 வயது நிறையப்போகிறது. இலங்கையை அவர் பார்த்ததில்லை. பின்னாளில் 'கார்மென்' என்ற ஓபரா மூலம் உலகம் முழுக்க ஸ்பெயினைப் பாடவைத்த அதே மனிதர் ஸ்பெயினுக்கும் போனதில்லை. பிரான்ஸை விட்டு வெளியே அவர் வருடக்கணக்கில் தங்கிய ஒரே நாடு இத்தாலி.

இதைச் சொல்லி அவரை மட்டம் தட்டுவது சுலபம். பல வருடங்களாக அவர் இசையைக் கேட்டு வருகிறேன். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஊரைப் பொறுத்தவரை பிசே கையில் கிடைத்த திரைச்சீலையை மாட்டிவிட்டுப் போகிறார். அதற்கு முன்னால் ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அவர் காது விழித்துக்கொள்கிறது. அந்த ஆளுக்கு இந்த நொடியில் என்ன வேண்டும், எதை மறைக்கிறார், எங்கே தடுமாறுகிறார் என்பதெல்லாம் மெட்டுக்குள் வந்துவிடுகிறது. 'முத்துக்குளிப்பவர்க'ளில் இது ஓரிரு இடத்தில் மின்னுகிறது, 'கார்மெ'னில் முழுக்க இதுதான். நடுவில் 12 வருடங்கள்.

கதையை முதலில் பார்த்துவிடலாம். எழுதியவர்கள் யூஜேன் கோர்மோன், மிஷேல் கார்ரே என்ற இருவர். முதலில் கதையை மெக்ஸிகோவில் நடப்பதாக யோசித்து, பிறகு இலங்கைக்கு மாற்றினார்கள். இடம் மாறினாலும் கதை மாற வேண்டியிருக்கவில்லை என்பதிலிருந்தே இலங்கை எந்த அளவுக்கு உள்ளே இருந்தது என்று தெரியும். சுர்கா, நதீர் இருவரும் பழைய நண்பர்கள். முன்பு கண்டிக் கோயிலில் திரையிட்ட முகத்தோடு வந்த ஒரு பெண்ணைப் பார்த்து இருவருமே மனதைப் பறிகொடுத்தவர்கள். நட்புக்காக அவளை மறப்பதென்று சத்தியம் செய்துகொண்டவர்கள். சுர்காவை மீனவர்கள் தலைவனாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். குளிப்பவர்களைத் தீய சக்திகள் அண்டாமல் இருக்கப் பாறை மேல் நின்று இரவெல்லாம் பாடிப் பிரார்த்திக்க, முகத்தை மூடிய கன்னிப்பெண் ஒருத்தி வந்து சேர்கிறாள். அவள்தான் லெய்லா, அதே பெண். விரதம் காத்தால் சிறந்த முத்து அவளுக்கு, தவறினால் மரணம்.

நதீர், லெய்லா, பூசாரிக்கு நூராபாத் என்று பாரசீக, அரபுச் சாயல் கொண்ட பெயர்கள். வணங்குவதோ பிரம்மாவை. பிரம்மாவுக்குத் தனிக்கோயில் காண்பதே அரிது என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கண்டியில் இருப்பது புத்தரின் புனிதப் பல் வைத்த தலதா மாளிகை. தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் சலாபத்துக்குப் போன கத்தோலிக்கப் பரவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இந்த மேடையில் இடமே இல்லை. ஆனாலும் ஒரு விஷயம் எனக்கு ஆச்சரியம். கடலில் இறங்குபவர்களைக் காக்கக் கரையில் ஒருவர் ஓதிக்கொண்டிருக்க வேண்டும் என்ற கதையின் அச்சாணி, நம் கடல்கட்டியின் வேலைதான். தாடி வைத்த கிழவருக்குப் பதில் முகம் மூடிய இளம்பெண்ணை நிறுத்தியிருக்கிறார்கள். இத்தனை பொய்யான அலங்காரத்துக்கு நடுவே அந்த ஒன்று மட்டும் மன்னார்க் கரைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

சரி, இசைக்கு வருவோம். முதல் அங்கத்தின் முடிவை நெருங்கும்போது நதீர் தனியாக இருக்கிறான். லெய்லாவின் குரலை அடையாளம் கண்டுகொண்டுவிட்டான். நண்பனுக்குக் கொடுத்த சத்தியத்தை முன்பே மீறி, ரகசியமாக அவளைத் தேடிப் போய் இருட்டில் அவள் பாடியதைக் கேட்டவன் அவன். அந்தக் குற்ற உணர்வோடு, அந்த இரவை நினைத்து ஒரு பாட்டு பாடுகிறான்: 'இன்னும் கேட்பதுபோல் இருக்கிறது' என்று தொடங்கும். மேற்கத்திய இசையில் சோகச் சாயல் கொண்ட மைனர் ஸ்கேல், 6/8 தாளம், தொட்டில் ஆடுவதுபோல. வயலின்கள் ஒலி அடக்கி வாசிக்க, கோர் ஆங்லே என்ற வாத்தியம் மெட்டைத் தொடங்கிவைக்கிறது. ஓபோ என்ற ஊதுவாத்தியத்தின் தடித்த அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கடைத்ததுபோல் ஓர் ஏக்கம் அதன் குரலிலேயே உண்டு.

டெனர் என்ற உயர்ந்த ஆண்குரல் பாடகர்களுக்குப் பொதுவாக உச்சஸ்தாயி என்றால் வீரம். நெஞ்சை நிமிர்த்தி முழங்குவார்கள். இங்கே பிசே அந்த உயரத்துக்கு மெட்டைக் கொண்டுபோய், அங்கே மெதுவாகப் பாடு என்கிறார். பாடுகிறவருக்கு அதைவிடக் கஷ்டமான காரியம் இல்லை. கத்தவும் முடியாது, மறைந்துகொள்ளவும் முடியாது. சத்தியத்தை மீறிய ஒருவன், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று தனக்குள் அசைபோடும் நினைவு அது. மெட்டு ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது. விடுபட முடியாதவனின் மெட்டு. இந்த ஒரு பாட்டில் இலங்கையும் இல்லை, மெக்ஸிகோவும் இல்லை. நதீர் மட்டும் இருக்கிறான்.

இதைவிடப் புகழ்பெற்றது நண்பர்கள் இருவரும் பாடும் டூயட். கோயிலில் அவளைப் பார்த்த கணத்தைச் சேர்ந்து நினைத்துக்கொள்கிறார்கள். புல்லாங்குழல் மெட்டை எடுக்க ஹார்ப் கூடவே நடக்கிறது. உலகம் முழுக்க ஓபரா கச்சேரிகளில் இதைப் பாடாத ஜோடி இல்லை. முடிவில் இருவர் குரலும் இணைந்து அந்த மெட்டையே மறுபடி பிடித்து உயரும் இடத்தில்தான் அரங்கம் கைதட்டத் துடிக்கும். ஆனால் 1863இல் பிசே எழுதிய முடிவு அது இல்லை. அவர் எழுதியதில் மெட்டு திரும்ப வராது. புனிதமான நட்பைப் போற்றும் வேகமான வேறொரு பகுதிக்குப் போய் முடியும். நாம் கேட்டுப் பழகிய முடிவு அவர் இறந்த பிறகு பிறர் செய்த மாற்றம். கேட்பதற்கு அது இதமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் பழைய முடிவில் இருவரும் கொஞ்சம் அவசரமாக, கொஞ்சம் அதிகமாகவே நட்பைச் சத்தம்போட்டு உறுதிசெய்துகொள்வதுபோல் எனக்குத் தோன்றும். பின்னால் நடக்கப்போவதற்கு அது பொருந்துகிறது.

18 முறை நடந்தது. பத்திரிகைகள் பெரும்பாலும் ஏசின. முதல் நாள் இரவு கூட்டம் கூப்பிட்டதும் இளைஞர் பிசே மேடைக்கு வந்து வணங்கியதைக்கூட ஒரு விமர்சகர் குற்றமாக எழுதினார். ஆதரவாக எழுதியவர்களில் பெரிய பெயர் இசையமைப்பாளர் எக்தோர் பெர்லியோஸ். நெருப்பும் நிறமும் உள்ள இசை என்று பாராட்டினார். பல வருடங்கள் பத்திரிகையில் இசை விமர்சனம் எழுதிய பெர்லியோஸின் கடைசிக் கட்டுரை அதுதான். அப்புறம் பிசே உயிரோடு இருந்தவரை இந்த ஓபரா மேடை ஏறவே இல்லை.

இனி ஆளைப் பற்றி. 1838 அக்டோபர் 25 அன்று பாரிஸில் பிறந்தவர். அப்பா அடோல்ஃப் முடிதிருத்தும் தொழிலிலும் பொய்முடி செய்வதிலும் இருந்து, பிறகு பாட்டு வாத்தியார் ஆனவர். அம்மா எமே பியானோ வாசிப்பார். அப்பா உள்ளே மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போது பையன் கதவுக்கு வெளியே நின்று கேட்டே கடினமான பாட்டுகளை மனப்பாடம் செய்துவிட்டான் என்று சொல்வார்கள். பாரிஸ் கன்சர்வத்வார் என்ற இசைக் கல்லூரியில் சேர 10 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்குச் சில நாள் முன்பே, 1848 அக்டோபரில், அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். பியானோவுக்கு மர்மோந்தேல், இசையமைப்புக்கு அலேவி. இவர்களைவிட ஆழமாகப் பாதித்தவர் இசையமைப்பாளர் சார்ல் குனோ. குனோவின் மெட்டின் மென்மை பிசேயின் ரத்தத்தில் கலந்துவிட்டது. அதை உதறுவதற்கே அவருக்குப் பாதி வாழ்க்கை தேவைப்பட்டது.

1857இல் இரண்டு பரிசுகள். இசையமைப்பாளர் ஓஃபென்பாக் நடத்திய சிற்றோபரா போட்டியில் இன்னொருவரோடு சேர்ந்து முதலிடம். அதே வருடம் அரசின் ரோம் பரிசு. இந்த இரண்டாவது பரிசு கிடைத்தால் சில வருடங்கள் உதவித்தொகையோடு ரோமில், மெடிச்சி மாளிகையில் தங்கி எழுதலாம். 1858 முதல் 1860 வரை அங்கே இருந்தார். அவர் வாழ்க்கையில் கவலையில்லாத காலம் அது ஒன்றுதான் என்று சொல்லலாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்து பாரிஸ் திரும்பினார். மறுவருடம் அம்மா போய்விட்டார்.

பியானோ கலைஞராகவே அவர் பெரும்புகழ் பெற்றிருக்க முடியும். 1861இல் அலேவி வீட்டு விருந்தில், இதைச் சரியாக வாசிக்க ஐரோப்பாவில் இருவர்தான் உண்டு என்று சொல்லிவிட்டுப் பியானோ மேதை லிஸ்ட் தன் புதிய உருப்படி ஒன்றை வாசித்தாராம். பிசே அந்தத் தாளை வாங்கிவைத்துப் பார்த்த மாத்திரத்தில் தவறில்லாமல் வாசித்தார். இருவர் இல்லை, மூவர் என்று லிஸ்ட் திருத்திக்கொண்டார் என்பது கூடியிருந்தவர்கள் சொல்லிச் சொல்லி வந்த கதை. ஆனாலும் மேடைக் கலைஞராக அவர் விரும்பவில்லை. ஓபரா எழுத வேண்டும், அது மட்டுமே.

ஓபரா சோறு போடவில்லை. அதனால் பதிப்பாளர்களுக்குக் கூலி வேலை. அடுத்தவர் எழுதிய ஓபராக்களைப் பியானோவுக்குச் சுருக்கித் தருவது, மட்டமான வால்ட்ஸ்களுக்குக்கூட வாத்தியம் பிரித்து எழுதுவது, பிழைதிருத்துவது, மாணவர்களுக்குப் பாடம் எடுப்பது. நாள் ஒன்றுக்கு 15, 16 மணி நேரம் உழைப்பதாக நண்பர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். எத்தனையோ ஓபராக்களைத் தொடங்கிப் பாதியில் விட்டார். 1867இல் 'பெர்த் ஊர் அழகி' மேடையேறி மறைந்தது. 1869 ஜூன் 3 அன்று, இறந்துபோன தன் ஆசிரியர் அலேவியின் மகள் ழெனவியேவைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த வருடம் ஜெர்மானியர்களோடு போர். தேசியக் காவல் படையில் சேர்ந்து துப்பாக்கி தூக்கினார், பாரிஸ் முற்றுகைக்குள் பசியோடு கிடந்தார்.

இந்தக் கூலி வேலை அவரைத் தின்றது என்றுதான் வாழ்க்கை வரலாறுகள் எல்லாம் வருந்துகின்றன. உண்மைதான். ஆனால் அடுத்தவர் இசையை அத்தனை வருடம் பிரித்துப் பிரித்துக் கோத்த கைக்கு வேறொன்றும் பழகியிருக்க வேண்டும்: எது அலங்காரம், எது அவசியம் என்று. 1872இல் அது தெரிகிறது.

அந்த வருடம் அல்ஃபோன்ஸ் தோதேயின் 'ஆர்ல் ஊர்ப் பெண்' நாடகத்துக்குப் பின்னணி இசை கேட்டார்கள். கொடுத்தது 26 வாத்தியக்காரர்கள் மட்டும். இத்தனை சிறிய குழுவில் சாக்ஸஃபோனைச் சேர்த்தார் பிசே; அன்றைக்கு அது ஓரளவு புதிய வாத்தியம், ராணுவ பேண்டுகளில்தான் பழக்கம். நாடகத்தில் ஒரு காட்சி. பல்தசார் என்ற கிழட்டு இடையர். ரெனோ என்ற கிழவி. இளவயதில் ஒருவரை ஒருவர் நேசித்தவர்கள். அவள் இன்னொருவரின் மனைவி என்பதால் மானத்துக்குப் பயந்து அவர் விலகிப்போனார். இனி சந்திப்பதில்லை என்று முடிவு. ஐம்பது வருடம் கழித்து, இருவருக்கும் தலை நரைத்த பிறகு, ஒரே முற்றத்தில் எதிரெதிரே நிற்கிறார்கள்.

இந்த இடத்துக்குப் பிசே எழுதியது 'அடாஜியெத்தோ' என்ற சின்னஞ்சிறு துண்டு, வெறும் 34 பார்கள் (பார் என்றால் இசைத்தாளில் ஒரு தாளக்கட்டு). ஊதுவாத்தியம் கிடையாது, தாளவாத்தியம் கிடையாது. ஒலி அடக்கிய தந்திக் கருவிகள் மட்டும். மெட்டு ஒரு படி ஏறும், தயங்கும், கீழே வந்து உட்காரும். அடுத்த முறை இன்னொரு படி மேலே. நடுவில் ஒரே ஓர் இடத்தில் நெஞ்சு நிறைந்து பொங்குகிறது. உடனே அடங்கிவிடுகிறது, முதியவர்கள் பிறர் முன்னால் தங்களை அடக்கிக்கொள்வது மாதிரி. கேட்டுவிட்டுத் திரும்பக் கேட்காமல் நான் எழுந்து போனதில்லை. ஒரு வருத்தமும் இல்லாமல் சொல்வேன், 'முத்துக்குளிப்பவர்க'ளின் புகழ்பெற்ற டூயட்டை இந்த 34 பார்களுக்கு ஈடாகக் கொடுத்துவிடலாம்.

நாடகம் மூன்று வாரத்தில் சுருண்டது. பிசே துவண்டுவிடவில்லை, நான்கு துண்டுகளைத் தொகுத்துப் பெரிய குழுவுக்கு மாற்றி எழுதினார். நவம்பரில் பாத்லூ என்ற நடத்துநர் நடத்திய கச்சேரியில் அது பெரிய வரவேற்பைப் பெற்றது. இன்று பலர் கேட்கும் இரண்டாவது தொகுப்பு அவர் இறந்த பிறகு நண்பர் எர்னஸ்ட் கீரோ சேர்த்தது. 'ஆர்ல்' இசை என்று நாம் நினைக்கும் ஒரு மினுவெட் அதில் 'பெர்த் ஊர் அழகி'யிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

அடுத்தது 'கார்மென்'. மெரிமே எழுதிய குறுநாவல் மூலம். மேடைக்கு எழுதியவர்கள் மெயாக், லுதோவிக் அலேவி. இந்த அலேவி பிசேயின் மனைவிக்கு நெருங்கிய சொந்தம். ஒப்புக்கொண்ட அரங்கம் ஓபரா கொமிக். பாரிஸில் நடுத்தரக் குடும்பங்கள் குழந்தைகுட்டியோடு போகும் அரங்கம் அது. இரு வீட்டாரும் பெட்டி இருக்கைகளை எடுத்து அங்கேயே பெண் பார்க்கும் படலத்தை நடத்துவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஸ்பெயினின் செவில் நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைப் பெண்கள், கடத்தல்காரர்கள், மேடையிலேயே ஒரு கொலை என்றதும் இரு நிர்வாகிகளில் ஒருவரான தெ லெவன் கலங்கிப்போனார். சாவையாவது எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார். 1874இல் பதவியை விட்டே விலகினார்.

ஒத்திகையில் இன்னும் சிரமம். கோரஸ் பெண்கள் அதுவரை வரிசையாக நின்று நடத்துநரைப் பார்த்துப் பாடிப் பழகியவர்கள். பிசே அவர்களைத் தனித்தனியாக, சும்மா நிற்காமல், புகைத்துக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் வரச் சொன்னார். வேலைநிறுத்தம் செய்வோம் என்று மிரட்டினார்கள். வாத்தியக்காரர்களோ இதையெல்லாம் வாசிக்கவே முடியாது என்றார்கள். பிசே பக்கம் உறுதியாக நின்றவர் கார்மெனாக நடித்த செலஸ்தீன் கல்லி-மாரியே. ஆனால் முதல் நுழைவுப் பாட்டு அவருக்குத் திருப்தியாக இல்லை, மாற்றச் சொன்னார். பதின்மூன்று தடவை எழுதினாராம்.

கடைசியில் கிடைத்தது அபனேரா, கியூபாவிலிருந்து ஸ்பெயினுக்கு வந்த நடனத் தாளம். நாட்டுப்புற மெட்டு என்று நம்பி அவர் எடுத்தாண்டது செபஸ்தியான் ஈரதியேர் என்ற இசையமைப்பாளர் எழுதிய பாட்டு. தெரிந்ததும் அச்சுப் பிரதியில் அதைக் குறிப்பிட்டுவிட்டார்கள். மூலத்தை எடுத்து பிசே செய்ததைப் பாருங்கள். அடியில் செல்லோக்கள் ஒரே தாளத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை விடாமல் வாசிக்கின்றன. மேலே குரல் அரைச்சுரம் அரைச்சுரமாக வழுக்கி இறங்குகிறது, படிக்கட்டில் ஒருத்தி கைப்பிடியைத் தொடாமல் யாரையோ பார்த்தபடி இறங்குவதுபோல. மைனரில் போய்க்கொண்டிருந்தது பல்லவியில் பளிச்சென்று, பிரகாசமான மேஜர் ஸ்கேலுக்கு மாறுகிறது. கட்டுக்கடங்காத பறவை என்று காதலைப் பாடும் அந்தச் சொற்களில் பெரும்பகுதியும் பிசேயே எழுதியது.

அப்புறம் இரண்டு காட்சிகள். முதல் அங்கத்தில் சண்டை போட்டதற்காகத் தொழிற்சாலைப் பெண் கார்மெனின் கையைக் கட்டிவைத்திருக்கிறார்கள். காவலுக்கு ஹோசே என்ற சிப்பாய். பேசக் கூடாது என்கிறான். நான் உன்னோடு பேசவில்லை, எனக்கு நானே பாடிக்கொள்கிறேன், நினைத்துக்கொள்கிறேன், நினைக்கக் கூடாது என்று சட்டம் இல்லையே என்கிறாள். கூப்பிடுகிறாளா, கேலி செய்கிறாளா, வழி தேடுகிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு மெட்டு. பாட்டு முடியும்போது கட்டு அவிழ்ந்துவிட்டது.

இரண்டாம் அங்கத்தில் அவள் அவனுக்காக மட்டும் ஆடுகிறாள். வார்த்தை இல்லாத ஒரு மெட்டு, கையில் சப்ளாக்கட்டை போன்ற காஸ்டனெட். தூரத்தில் படைவீட்டில் எக்காளம் ஊதுகிறது, சிப்பாய்கள் திரும்ப வேண்டிய நேரம். அந்த எக்காளம் அவள் மெட்டுக்கு அச்சாகப் பொருந்தி ஒலிக்கிறது. ஆட்டத்துக்குப் பக்கவாத்தியம் வானத்திலிருந்து வருகிறது என்று அவள் மகிழ்கிறாள். அவனுக்கோ அது கட்டளை. ஒரே நேரத்தில் ஒரே சத்தம் இருவர் காதில் இரண்டாக விழுகிறது. அவர்கள் சேர்ந்து வாழ முடியாது என்பதை யாரும் சொல்லாமலே நாம் கேட்டுவிடுகிறோம். இதை எழுத ஸ்பெயினுக்குப் போக வேண்டியதில்லை.

1875 மார்ச் 3, முதல் காட்சி. லுதோவிக் அலேவி எழுதிவைத்தபடி, முதல் அங்கத்துக்கு நல்ல கைதட்டல், இரண்டாவதில் கொஞ்சம் குறைவு, மூன்றாவதில் ஹோசேயை நேசிக்கும் ஊர்ப்பெண் மிக்கேலாவின் பாட்டுக்கு மட்டும், நான்காவது அங்கம் பனிபோல் குளிர்ந்த மௌனத்தில் முடிந்தது. பத்திரிகைகள் ஒழுக்கக்கேடு என்றன. கார்மென் தோல்வியடைந்ததால் மனம் உடைந்து பிசே இறந்தார் என்று ஒரு கதை அன்றிலிருந்து உலவுகிறது. அதை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அரங்கம் நிரம்பவில்லை, ஆனால் ஓபராவை எடுத்துவிடவும் இல்லை. முதல் சுற்றில் 48 காட்சிகள் நடந்தன. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தொண்டையில் சீழ்க்கட்டி திரும்பத் திரும்ப வரும், மூட்டுவாதமும் உண்டு, புகைப்பழக்கம் வேறு. மார்ச் முடிவில் தொண்டை மறுபடி படுத்தியது. மே மாதக் கடைசியில் பாரிஸுக்கு வெளியே பூஜிவாலுக்குப் போனார். சேன் ஆற்றில் இறங்கிக் குளித்தார். காய்ச்சல், பிறகு மாரடைப்பு. ஜூன் 3 அதிகாலையில் இன்னொன்று. முதல் காட்சி நடந்து சரியாக மூன்று மாதம். அவரது ஆறாவது திருமண நாள். வயது 36.

ஏசிய பத்திரிகைகள் ஒரே வாரத்தில் புகழத் தொடங்கின. அக்டோபரில் வியன்னாவில் கார்மென் பெரிய வெற்றி. பத்தே வருடத்தில் இது உலகத்தின் மிகப் பிரபலமான ஓபராவாகிவிடும் என்று ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கி 1880இல் ஒரு கடிதத்தில் எழுதினார். ஏறத்தாழ அப்படியே நடந்தது. இருபதாவது தடவை கேட்டேன் என்று தத்துவஞானி நீட்சே 1888இல் எழுதினார். ஆனால் அவர்களைச் சென்றடைந்த கார்மென் முழுக்கப் பிசேயுடையது இல்லை. பாட்டுகளுக்கு நடுவே பேச்சாகவே வரும் வசனங்களை எடுத்துவிட்டு, பெரிய அரங்குகளின் வழக்கப்படி அவற்றையும் பாட்டாக்கித் தந்தவர் கீரோ. பேச்சு போனதில் ஹோசேயின் பழைய வாழ்க்கையும் கார்மெனின் நக்கலும் பாதி போயின. 'முத்துக்குளிப்பவர்கள்' பாடு இன்னும் மோசம். 1886இல் மிலானில் இத்தாலிய மொழியில் புத்துயிர் பெற்றபோதும் அதற்குப் பின்னும் ஆளாளுக்குத் திருத்தினார்கள். பிசேயின் முடிவில் காதலர்களைத் தப்பவிட்டுச் சுர்கா தனியே நிற்பான். திருத்தியவர்கள் அவனைக் கொன்றார்கள். முழு வாத்தியப் பிரதி கண்ணுக்குத் தெரியாமல் போய், 1863இல் நடத்துநர் கையில் வைத்திருந்த சுருக்கப் பிரதியை வைத்துத்தான் பழைய வடிவத்தை அண்மைக் காலத்தில் மீட்டார்கள். இரண்டையும் பதிவு தேடிக் கேட்பவர்கள், பேச்சு வசனம் உள்ள கார்மெனையும் 1863 வடிவ முத்துக்குளிப்பையும் பார்த்து எடுங்கள்.

யார் கையும் படாத பிசே ஒன்று உண்டு. 17 வயது முடிந்த நான்காவது நாள், 1855 அக்டோபர் 29 அன்று, மாணவர் பிசே ஒரு சிம்பனியைத் தொடங்கி ஒரு மாதத்துக்குள் முடித்தார். அது குனோவின் முதல் சிம்பனியை நெருங்கி ஒட்டியிருந்தது. அதைப் பியானோவுக்குச் சுருக்கித் தந்தவரே அவர்தான். குனோவைப் பார்த்து எழுதியது என்று வந்துவிடுமோ என்ற கூச்சம் போலிருக்கிறது, வெளியே காட்டவே இல்லை. மனைவி ழெனவியேவ் 1926இல் இறந்தார். அவரிடமிருந்து ரெனால்தோ ஆன் என்ற இசையமைப்பாளர் கைக்கு வந்த காகிதங்கள் 1933இல் கன்சர்வத்வார் நூலகத்துக்குப் போக, அந்தக் கட்டுக்குள் சிம்பனி கிடைத்தது. 1935 பிப்ரவரி 26 அன்று ஸ்விட்சர்லாந்தின் பாசெலில் நடத்துநர் ஃபெலிக்ஸ் வைங்கார்ட்னர் முதல்முறையாக வாசிக்கவைத்தார். இரண்டாம் பகுதியில் ஓபோ தனியாக ஒரு மெட்டை எடுக்கும். கீழே தந்திகள் மெல்லக் கிள்ளிக்கொண்டிருக்க, அது வளைந்து வளைந்து எங்கோ கிழக்கைத் தேடிப் போகும். எந்த ஊர் என்று பெயர் போட்டிருக்க மாட்டார்.